மேல் ஸ்தாயிக்கு ஏறாத குழல்

அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வெளியே கொண்டுவந்துவிடுவார். பாட்டுக்கும் அவருக்கும்தான் காத தூரம். அவர் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். ஓய்வு நேரத்தில் ஒரு வாத்தியக் குழுவில் ஓபோ என்ற மேல்நாட்டுக் குழலை வாசித்தாள். அவள் பயிற்சிக்கு உட்கார்ந்தால் இவர் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

பக்கவாதம் வந்து அவளுடைய வலது கை விழுந்தது. பேச்சும் போயிற்று. எதைச் சொல்ல வந்தாலும் வாயில் வந்தது ‘கதவு’ என்ற ஒரே சொல்தான். தண்ணீர் வேண்டுமென்றாலும் கதவு, மகள் ஃபோனில் அழுதாலும் கதவு. எப்போதாவது ‘இல்ல’ என்பாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சில வாரங்களில் அவள் அலமாரியைக் காட்டிக் காட்டி அழுதாள். அவர் ஓபோவின் துண்டுகளை எடுத்துப் பொருத்தி அவள் மடியில் வைத்தார். வலது கை நழுவி விழுந்தது. குழலை அவள் இடது கையால் அவர் பக்கம் தள்ளினாள். உள்ளே வைக்கச் சொல்கிறாள் என்று எண்ணிப் பெட்டியைத் திறந்தார். “இல்ல, இல்ல” என்று குழலை அவர் வாய்க்கு நேராகக் கொண்டுவந்தாள்.

“நானா? விளையாடுறியாம்மா?”

அவள் கையை இறக்கவில்லை.

அப்படித்தான் ஆரம்பித்தது. குழுவில் கிளாரினெட் வாசிக்கும் பல் டாக்டர் வந்து, விரல் வைக்கும் இடங்களைச் சொல்லிக்கொடுத்தார். நாணலில் செய்த சீவாளியைத் தண்ணீரில் நனைத்து, உதடுகளைப் பல்லின்மேல் மடித்து, அந்தச் சின்னப் பிளவுக்குள் ஊத வேண்டும். துளி காற்றுதான் உள்ளே போகும். மிச்ச மூச்சு நெஞ்சிலேயே நின்றுவிடும். மூச்சு தீர்ந்து திணறுகிறவர்களை அவர் பார்த்திருக்கிறார். மூச்சு நிறைந்து திணறுவது இப்போதுதான் தெரிந்தது.

கீழ் ஸ்தாயி எப்படியோ வசப்பட்டது. அவள் கடைசியாகப் பயிற்சி செய்துகொண்டிருந்த மெதுவான மெட்டில் முதல் இரண்டு வரிகளை ஒப்பேற்றிவிடுவார். மூன்றாவது வரி மேலே ஏறும். அங்கே போனதும் ஒன்று, குழல் கீச்சிடும்; இல்லாவிட்டால் சத்தம் செத்துப்போகும். மேல் வீட்டு அம்மா ஒருநாள் இறங்கி வந்து, “அவங்களுக்கு வலி அதிகமா இருக்குங்களா? கத்துற சத்தம் கேட்டுச்சு” என்று விசாரித்தார்.

“அது நான்தாங்க” என்றார் அவர்.

“கடிக்கிறீங்க சார்” என்றார் பல் டாக்டர். “கடிச்சா மேல வராது.”

“கடிக்கலன்னா சத்தமே வரலையே.”

“வயித்துலேர்ந்து குடுங்க.”

வயிற்றிலிருந்து கொடுப்பது என்றால் என்ன என்று அவருக்கு விளங்கவே இல்லை. மனைவிக்குத் தெரியும். அவர் தப்பு செய்யும்போதெல்லாம் நாற்காலியில் அவள் உடம்பு துடித்தது. அவர் தாடையைத் தட்டினாள், கன்னத்தைக் கிள்ளினாள். “கதவு... கதவு...” என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குழலை மேஜைமேல் வைத்துவிட்டு அவர் கத்தினார்: “எந்தக் கதவு? தெறக்கணுமா, மூடணுமா? சொல்லித் தொலையேன்!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அவள் முகம் மாறவில்லை. சீவாளியைக் கழற்றித் தரும்படி கை நீட்டினாள். வாயில் வைத்து ஊதினாள். தொங்கிப்போன வலது ஓரம் வழியாகக் காற்று புஸ்ஸென்று போனது. மறுபடி ஊதினாள். எச்சில் வழிந்தது. அவர் மண்டியிட்டு, அந்த உதட்டோரத்தை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தார். சீவாளி காக்கை மாதிரி கரைந்தது. அவள் அவருடைய இன்னொரு கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். வயிறு பலகையாக இறுகியிருந்தது. விரலுக்கடியில் உதடு மட்டும் மெத்தென்று இருந்தது.

“இதைத்தான் சொன்னியா?”

அவள் தலையாட்டினாள். களைத்துப்போய்ச் சாய்ந்துகொண்டாள்.

அன்று அவர் ஊதியபோது மேல் ஸ்வரம் வந்தது. மெலிந்து நடுங்கினாலும் வந்தது. அவள் இடது கையால் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தாள். மகளுக்கு ஃபோன் போட்டுச் சொன்னார். மறுநாள் அதே வயிறு, அதே உதடு. ஒன்றும் வரவில்லை. அதற்கு மறுநாளும் அப்படியே.

அதன்பிறகு சில நாள் வரும், பல நாள் வராது. காரணம் அவருக்கும் தெரியவில்லை, பல் டாக்டருக்கும் தெரியவில்லை. சீவாளிகளை முன்பெல்லாம் அவளேதான் சீவிக் கட்டுவாள். மழைக்காலம் முடிவதற்குள் பெட்டியில் இருந்தவை ஒவ்வொன்றாக வெடித்துப்போயின. கடையில் வாங்கியது கட்டை மாதிரி இருந்தது. அவள் அதை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, “இல்ல” என்றாள்.

“வேற இல்லையேம்மா. நான் என்ன பண்ணட்டும்?”

அவள் சிறிய சீவுகத்தியை இடது கையில் எடுத்தாள். இன்னொரு கை இல்லாமல் சீவாளியைப் பிடிக்க முடியவில்லை. அவர் பிடித்துக்கொண்டார். அவள் ஒருமுறை இழுத்ததில் நுனி கிழிந்து தெறித்தது. அவள் அழுதாள். அவர் கத்தியை வாங்கி வைத்துவிட்டு, இன்னொரு கடைச் சீவாளியைத் தண்ணீரில் போட்டார். அது நனையும்வரை அவள் மடியில் விழுந்திருந்த சீவல்களைத் தட்டிவிட்டார். பிறகு அவர் ஊத ஆரம்பித்தார். இரண்டு வரி சரியாக வந்தது. மூன்றாவது வரியில் குழல் கீச்சிட்டது.