பிரிக்பீல்ட்ஸ் ரயில் புளுகுகள்

சிக்னல் விளக்குக்கு எண்ணெய் ஊற்றித் திரி வெட்டுவது எங்கள் தொழில். ராத்திரி முழுக்க ரயிலுக்கு வழி காட்டிவிட்டு, விடிந்ததும் கரி முகத்தோடு வீட்டுக்கு வழி தேடுகிற பிழைப்பு. ராத்திரி வேலை பார்க்கும் அன்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பகல் தூக்கம் கண்ணில் ஒட்டாது. ஊரார் வேலைக்குக் கிளம்பும் நேரம் நமக்குச் சாயங்காலம். பேச்சுத் துணைக்கு ஆள் கிடைப்பது பெரும்பாடு.

எனக்குக் கிடைத்த துணை, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் அஞ்சலை அக்கா போட்டிருந்த இடியப்பக் கடை. நாலு கம்பு, மேலே தகரம், அவ்வளவுதான். ராத்திரி முறை முடிந்தவர்கள் அங்கே பசியாற உட்கார்ந்து புளுகுவோம். அக்காவின் புருஷன் தண்டவாளம் பழுது பார்க்கிற கேங்கில் இருந்தவர். அந்தக் கேட்டில்தான் எஞ்சின் அடித்து இறந்தார். அந்த இடத்தைத் தாண்டும்போது எஞ்சினின் ஊதல் குரல் தழைந்துபோகும், அவருக்காக அழுகிறது என்று எல்லாரும் சொன்னார்கள். அந்த வருஷம் வண்டிகளை நிறுத்துகிற யார்டை அகலப்படுத்தப்போவதாகச் சொல்லி, மாசக் கடைசிக்குள் கடையை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். கிள்ளானில், ரயில் பாதை ஓரத்திலேயே, அக்காவின் தம்பி வீடு. அவனும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அக்கா அசையவில்லை. "அவரை இங்க விட்டுட்டு நான் எங்க போறது?" என்பாள்.

எனக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. கடலைக்காரர் பொட்டலம் மடிக்க வைத்திருந்த பௌதிகப் புத்தகம் ஒன்றை அவரிடம் கேட்டு வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்திருந்தேன். ஒலி வரைக்கும் இருந்தது. ஒளி முழுக்கக் கடலையோடு போய்விட்டது. அந்தப் பாதிப் படிப்பை வைத்துக்கொண்டு, கடையில் யார் என்ன புளுகினாலும் சோதித்துப் பார்ப்பேன். கூட்டத்தார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள்: எந்தக் கதையையும் உடைக்கலாம், அக்கா கதையைத் தொடக் கூடாது. தொட்டால் கடையில் எனக்கு இடமில்லை.

குதித்தால் பெட்டி ஓடிவிடும்

வண்டிக்குப் பாதை மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் முனியாண்டி ஒருநாள் சொன்னான்: ஓடுகிற ரயிலின் கடைசிப் பெட்டியில் நின்றபடி ஒருவன் எம்பிக் குதித்தானாம். அவன் கீழே வருவதற்குள் ரயில் முன்னால் போய்விட்டது. ஆள் தண்டவாளத்தில் கிடந்தான். கேட்ட எல்லாரும் தலையாட்டினார்கள்.

அடுத்த விடுமுறை நாளில் கிள்ளான் வண்டியில் ஏறினேன். மூன்றாம் வகுப்பு. வண்டி நல்ல வேகம் பிடித்ததும் ஓர் எலுமிச்சம்பழத்தை மேலே போட்டேன். நேராக என் கைக்கே வந்தது. வண்டியின் வேகம் பழத்துக்கும் இருக்கிறது, அதுதான் சங்கதி. பழத்துக்குச் சரி, மனுஷனுக்கு? நானே நாலைந்து தடவை குதித்தேன். எதிரே கோழிக்கூடையோடு இருந்த ரப்பர் தோட்டத்து அம்மாள் ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தம்பி, நீ எவ்வளவு குதிச்சாலும் கிள்ளான் அது வர்ற நேரத்துக்குத்தான் வரும். உக்காரு."

டிரைவரின் இருமல்

முனியாண்டி விடுகிற ஆள் இல்லை. தண்டவாளத்தில் காதை வைத்தால், இருபது மைல் தள்ளிக் கிள்ளானில் எஞ்சின் டிரைவர் சூசை அண்ணன் இருமுவது பிரிக்பீல்ட்ஸில் கேட்கும் என்றான். சூசை அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்து, ஆமாம் என்பதுபோல் ஒரு தரம் இருமிக் காட்டினார்.

யார்டில் ஓட்டமில்லாத ஒரு பாதையில் முனியாண்டியைச் சுத்தியலோடு கால் மைல் தள்ளி நிறுத்தினேன். நான் காதை இரும்பில் வைத்துப் படுத்தேன். அவன் ஒரு தரம்தான் அடித்தான். எனக்கு இரண்டு தரம் கேட்டது. முதலில் இரும்பு வழியாக, கொஞ்சம் பொறுத்துக் காற்று வழியாக. கரி படிந்த கன்னத்தோடு அங்கேயே கிடந்து சிரித்தேன். புத்தகத்தில் படித்த ஒன்றை உலகம் அப்படியே ஒப்புக்கொண்டது அன்றுதான். ஆனால் ஒரு மைல் தள்ளிப் போய் அடித்தபோது ஒன்றும் கேட்கவில்லை. தண்டவாளத் துண்டுக்குத் துண்டு இருக்கிற இடைவெளி சத்தத்தைத் தின்றுவிடுகிறது. சுத்தியலே கேட்காதபோது இருமல் எப்படிக் கேட்கும் என்றேன். முனியாண்டி கொஞ்சமும் தயங்காமல் சொன்னான்: "கேக்கலைன்னா அன்னிக்கு அண்ணனுக்கு இருமல் இல்லைன்னு அர்த்தம்லா."

மழையை முந்திய வண்டி

சூசை அண்ணன் சொன்ன கதை இது. கிள்ளானில் வண்டி எடுக்கும்போது மழை பின்னாலிருந்து துரத்தியதாம். கடைசிப் பெட்டி தொப்பலாக நனைந்தது, எஞ்சினில் ஒரு துளி இல்லை. அப்படியே கோலாலம்பூர் வரைக்கும் மழையை முந்திக்கொண்டு வந்தாராம்.

இதை உடைக்கிற ஆசையில் ஒரு வாரம் மழைக்காகக் காத்திருந்தேன். நம் ஊர் மழைதான் தெரியுமே, தெருவுக்கு அந்தப் பக்கம் கொட்டும், இந்தப் பக்கம் வெயில் அடிக்கும். கோயில் கூரையில் விழுந்த மழை யார்டுக்கு வந்து சேர எவ்வளவு நேரம் என்று நாடியைப் பிடித்து எண்ணினேன். மெதுவாக ஓடுகிற ஆளின் வேகம்தான் இருந்தது. எஞ்சின் அதை முந்துவது பெரிய காரியமே இல்லை. கதை நடந்திருக்கக்கூடியதுதான் என்று கடையில் எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டேன். சூசை அண்ணன் முகம் வாடிவிட்டது. "நான் நல்லாப் புளுகுறவன்னு ஊர்ல பேரு வாங்கி வெச்சிருக்கேன், நீ அதையும் கெடுக்கிறியே தம்பி," என்றார்.

எஞ்சின் அழுகிற இடம்

மாசக் கடைசிக்கு நாலு நாள் இருந்தது. அன்று மற்றவர்கள் போன பிறகு, அக்கா இடியப்பத் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"எல்லார் கதையையும் சோதிக்கிறே. என் கதையை ஏன் விட்டுட்டே?"

"விட்டுட்டேன்க்கா."

"பொய் சொல்றே. உன் மூஞ்சியில தெரியுது."

பொய்தான். எனக்கு அரிப்பு தாங்காமல், யாருக்கும் தெரியாமல் எப்போதோ சோதித்திருந்தேன். கேட்டில் நின்று கேட்டேன். எஞ்சின் ஊதிக்கொண்டே என்னைத் தாண்டியதும் குரல் இறங்கியது. அரை மைல் தள்ளி நின்றேன், அங்கேயும் இறங்கியது. பாலத்தடியில் நின்றேன், அங்கேயும் அப்படியே. சூசை அண்ணனிடம் பேச்சுவாக்கில் விசாரித்தேன். எஞ்சினுக்குள் இருக்கிறவருக்கு முதலிலிருந்து கடைசி வரை ஒரே குரல்தானாம். எஞ்சின் நம்மை நோக்கி வரும்போது ஒலி அலை நெருங்கி வரும், குரல் ஏறும்; தாண்டிப் போகும்போது அலை நீண்டு போகும், குரல் இறங்கும். செத்தவர்களுக்கு அதில் வேலை இல்லை.

இதைச் சொன்னால் அவளுக்கு இருக்கிற ஒன்றும் போய்விடும். எனக்கு இருந்த ஒரே இடமும் போய்விடும். ஆனால் கேட்டது அவள். கடையைப் பிரிக்க ஆள் வரும்போது கம்பைக் கட்டிக்கொண்டு நிற்பாள் என்பதும் எனக்குத் தெரியும்.

"அது இந்த இடத்துல அழலைக்கா," என்றேன். "கேக்குறவங்க எங்க நிக்கிறாங்களோ, அங்கதான் குரல் இறங்குது. நான் பாலத்துல நின்னேன், பாலத்துல இறங்குச்சு."

அக்கா கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். கேட்டுப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தட்டைக் கவிழ்த்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அப்போ கிள்ளான்ல நான் நின்னாலும் எனக்கு இறங்கும். அவரு இந்த கேட்ல மாட்டிக்கிட்டு இல்ல, நான் நிக்கிற இடத்துக்கு வர்றாரு. இதைச் சொல்ல உனக்கு இத்தனை நாளா?"

மூன்றாம் நாள் தகரமும் கம்பும் லோரியில் ஏறிக் கிள்ளானுக்குப் போயின. கேட்டவள் நான் சொன்னதற்கு நேர் எதிராகப் புரிந்துகொண்டதுதான் என் பௌதிகம் இன்றுவரை செய்திருக்கிற ஒரே உபகாரம்.