நாலு மூலை சேர்ந்த படம்

கான்சோ எங்கள் ஒசாகா சந்தில் பாய் தைப்பவர். முப்பது வருடமாக வீடுகளுக்குத் தரை முழுக்கப் பாய் பதித்துவருகிறார். நாலு பாயின் மூலைகள் ஒரே புள்ளியில் சேர விடவே மாட்டார்; அப்படிப் போடுவது சாவு வீட்டுக்கு மட்டும். போர் முடிந்து பத்தாம் வருடம், ஓவியக் கண்காட்சி ஒன்றில் ஒரு படம் அவரை நிறுத்தியது. அதில் வெறும் கட்டங்கள்தான், மூலையோடு மூலை முட்டிக்கொண்டு.

வரைந்தவள் பக்கத்திலேயே நின்றாள்.

"ஏம்மா, யாரு செத்தா?" என்றார்.

"யாரும் சாகல ஐயா. இப்படிச் சேர்ந்தா எப்படி இருக்கும்னு பாக்கத் தோணுச்சு."

"வேண்டாத வேலை" என்று முனகிக்கொண்டே வீடு திரும்பியவர், மறுநாள் காலை பட்டறையில் நாலு பாயை அப்படியே போட்டுவிட்டு நின்றார். மனைவி சுமா எட்டிப் பார்த்து அலறினாள்.

"புத்தி கெட்டுப்போச்சா? மொதல்ல எடுங்க!"

"எடுக்கிறேன், இரு. அழகாத்தான்டி இருக்கு. சாவு வீட்ல எவன் தரையப் பாத்தான்?"