மாட்டாத முன்சக்கரம்

அந்தத் தெரு அவளுக்கு வைத்த பெயர் திருகாணி. முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். நேரில் எல்லோருக்கும் அவள் அக்காதான். முதுகுக்குப் பின்னால்தான் திருகாணி. மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருப்பவள், நாள் முழுக்க எதையாவது முறுக்கிக்கொண்டிருப்பவள், அதனால் வந்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருவன் மேல் அவள் வஞ்சம் வைத்து முறுக்கிவிட்டால் அது லேசில் கழலாது. அதைப் பார்த்து வைத்த பெயர்.

பட்டறை திறந்த புதிதில் ஒருவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உள்ள ஆம்பளை யாராவது இருந்தா கூப்பிடும்மா" என்றான். "வண்டியை விட்டுட்டுப் போங்க, சாயங்காலம் ரெடியா இருக்கும்" என்றாள். சாயங்காலம் வந்தவனுக்கு ரெடியாகத்தான் இருந்தது. என்ஜின் ஒரு கோணியில், மற்றதெல்லாம் இன்னொரு கோணியில். "கழட்டி வச்சுட்டேன். மாட்டுறதுக்கு ஒரு ஆம்பளையைக் கூட்டிட்டு வாங்க" என்றாள். அவன் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. கடைசியில் அவளே மாட்டிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவன் வேறு பட்டறைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் நேர் எதிர். தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிறவன். ஊருக்கு வெளியே தள்ளித் தள்ளி இருக்கும் வீடுகளும் தோட்டங்களும்தான் அவன் பிழைப்பு. யார் என்ன செய்தாலும் "விடு, போகட்டும்" என்பான். அந்த 'விடு' என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு பேரையும் சேர்த்து வைத்ததே அவனுடைய பழைய மோட்டார் சைக்கிள்தான். ஒரு பழுதும் இல்லாத வண்டியைக் கொண்டுவந்து, "ஏதோ சத்தம் வருதுங்க" என்பான். அவளும் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஆமா, வருது" என்பாள். வராத சத்தத்துக்காக அந்த என்ஜினை அவள் எத்தனை முறை பிரித்துப் பார்த்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

அந்த வண்டியைத்தான் எதிர்க்கடைக்காரர் இடித்தார்.

எதிர்க்கடை மூக்குக்கண்ணாடிக் கடை. ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை சோதித்துக் கண்ணாடி மாட்டிவிட்ட மனுஷர். சந்திலிருந்து காரைத் திருப்பும்போது, நேரே வந்துகொண்டிருந்த ஒரு முழு மோட்டார் சைக்கிளையும் அதன் மேல் உட்கார்ந்திருந்த ஆளையும் பார்க்கவில்லையாம். கொசுவா அது, கண்ணுக்குத் தப்ப?

சத்தம் கேட்டுக் கையில் ஸ்பேனரோடு ஓடினாள். புருஷன் ரோட்டில் கிடந்தான். இடது கால் வண்டிக்கு அடியில். நாலு பேர் வண்டியைத் தூக்க, அவள் அவனை இழுத்து எடுத்தாள். நிமிர்ந்து பார்த்தால் கார் அங்கேயே நிற்கிறது. ஜன்னல் கண்ணாடி மேலே ஏற்றியபடி இருக்கிறது. உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அந்த ஆள் உட்கார்ந்திருக்கிறார். அவனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போகும்வரை அவர் கதவைத் திறக்கவில்லை. இடித்ததைக்கூட அவள் மன்னித்திருப்பாள். எங்கே மன்னிக்கப் போகிறாள், ஆனாலும் நாளாவட்டத்தில் மறந்திருக்கலாம். அந்த ஏற்றிய கண்ணாடியை அவளால் விழுங்க முடியவில்லை.

முழங்காலில் தகடு வைத்து அனுப்பினார்கள். கண்ணாடிக்காரர் பட்டறைக்கு வந்தார். "சத்தியமா பார்க்கலைம்மா. புது வண்டியே வாங்கிக் கொடுத்துடுறேன்" என்றார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு தகரத்தை எடுத்து வைத்துத் தட்ட ஆரம்பித்தாள். அவர் போகும்வரை தட்டினாள். இந்த ஆளோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினாள். பார்க்கவில்லை என்றுதானே சொல்கிறார், பார்க்க வைக்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

நொறுங்கிய வண்டியைக் கொண்டுவந்து பட்டறை வாசலில், அவர் கடைக்கு நேர் எதிரே, கட்டைமேல் ஏற்றி நிறுத்தினாள். முன்சக்கரம் நெளிந்து, ஃபோர்க் முறுக்கிக்கொண்டு, டேங்க் ஒரு பக்கம் உள்வாங்கி, ஹெட்லைட் ஒரே ஒரு ஒயரில் தொங்கியது. அந்தக் கடையில் கண் சோதிக்க உட்காருபவர்கள் தெருவைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். எழுத்துப் பலகையைத் தாண்டி முதலில் தெரிவது இந்த வண்டிதான். பட்டறைக்கு வருகிற எல்லோரும், "இது யாருக்கா இடிச்சது?" என்று கேட்டார்கள். அவள் தெருவுக்கே கேட்கிற மாதிரி, "எதிர்க்கடைக்காரரு. பார்க்கலையாம்" என்றாள்.

"யாரு, கண்ணாடிக்கடைக்காரரா பார்க்கல?"

இதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மிச்சத்தைத் தெரு பார்த்துக்கொண்டது. "அவரு கடையில கண்ணாடி வாங்குனா அவரு மாதிரிதான் தெரியும்" என்று பக்கத்துத் தையல்காரர் ஒரு நாள் எடுத்துவிட்டார். அது ஊரெல்லாம் சுற்றியது. கடையில் கூட்டம் குறைந்தது.

கண்ணாடிக்காரர் மேசையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். அவள் வண்டியை இரண்டடி நகர்த்தி வைத்தாள். திரை மாட்டினார். அவள் டேங்கைக் கழற்றி ஒடுக்கு எடுக்க உட்கார்ந்தாள். கண்ணுக்குத் திரை போடலாம், காதுக்கு எதைப் போடுவார்? அவர் கடை திறந்தால் இவள் சுத்தியலை எடுப்பாள், அவர் சாப்பிடப் போனால் இவளும் எழுந்து கை கழுவுவாள். கண்ணில் விரலை விட்டு ஆட்டுவது என்பார்களே, அதை ஒரு வேலையாகவே செய்தாள். சொன்னால் என்ன, அவளுக்கு அது இனித்தது.

வேலையில் மட்டும் குறை வைக்கவில்லை. வளைந்த சேஸிஸைச் சூடு காட்டி, நூல் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நேராக்கினாள். ஃபோர்க் இரண்டையும் மாற்றினாள். விரிசல் விட்ட என்ஜின் மூடியை வெல்டிங் வைத்து, தடவினால் தெரியாதபடி ராவினாள். டேங்குக்குப் பழைய கறுப்பு நிறத்தையே அடித்தாள். அங்கேதான் வினையே. வண்டி அழகாகிக்கொண்டு வந்தது. முழுசாக நிற்கிற வண்டியைப் பார்த்து யாருக்கு வெட்கம் வரும்? போகிறவன் வருகிறவன் எல்லாம், "அட, புதுசு மாதிரி ஆயிடுச்சே" என்று பாராட்ட ஆரம்பித்தார்கள். எதிரே திரை லேசாக விலகியது. அவளுக்கு வயிறு எரிந்தது.

பாக்கி இருந்தது முன்சக்கரம் ஒன்றுதான். புது ரிம் வந்தது. ஸ்போக்ஸ் கோத்து, ஒவ்வொன்றாக முறுக்கி, ஆட்டம் எடுத்தாள். சுற்றிவிட்டால் நிற்கிற மாதிரியே சுற்றியது, அவ்வளவு சுத்தம். பிறகு அதைப் பட்டறைக்குள்ளே பழைய டயர்களுக்குப் பின்னால் வைத்து, மேலே ஒரு கோணியைப் போட்டு மூடினாள். வெளியே வண்டி முன்சக்கரம் இல்லாமல், கட்டைமேல் மூக்கறுந்த மாதிரி நின்றது. அதுதான் அவளுக்கு வேண்டியது.

புருஷன் குச்சி ஊன்றி நடந்து, பிறகு குச்சி இல்லாமல் நடந்தான். வண்டி ஓட்டலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்த வீடுகள் வேறு ஆளைத் தேட ஆரம்பித்துவிட்டன. வேறு வண்டியும் கிடையாது. பட்டறைக்கு வருவதெல்லாம் அடுத்தவர் வண்டி, அதை எடுத்து ஓட்டக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம். வீட்டு மின்விசிறியைக் கழற்றி மாட்டினான். பக்கத்து வீட்டு மின்விசிறியைக் கேட்டு வாங்கிக் கழற்றி மாட்டினான். சுற்றிக்கொண்டிருந்த விசிறியை எதற்குக் கழற்றினாய் என்று அந்த வீட்டம்மா சண்டைக்கு வந்தாள். தினமும் சாப்பிட உட்காரும்போது மட்டும் கேட்பான்.

"ரிம் வந்துச்சா?"

"வரல. வந்தா மாட்ட மாட்டேனா?"

"சரி" என்பான். அவ்வளவுதான். அவனுக்கு அதிகம் பேச வராது. அவளும் சோற்றைப் போட்டுவிட்டு, இன்றைக்கு எதிர்க்கடையில் எத்தனை பேர் வந்து திரும்பிப் போனார்கள் என்று சொல்ல ஆரம்பித்துவிடுவாள்.

ஒரு நாள் காலை. அவள் வழக்கம்போல வாசலில் உட்கார்ந்து, தட்டத் தேவையில்லாத ஒரு தகட்டைத் தட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரர் கார் அவர் கடை வாசலில் நின்றது. தெருவில் அவள் புருஷன் தோளில் பையோடு வந்தான். பட்டறைக்குத்தான் வருகிறான் என்று நினைத்தாள். அவன் அவளைப் பார்த்தான். பார்த்துவிட்டு ரோட்டைக் கடந்தான். கண்ணாடிக்காரர் முன்கதவைத் திறந்து பிடித்தார். அவன் பையை உள்ளே வைத்து, இடது காலைக் கையால் தூக்கி வைத்து ஏறி உட்கார்ந்தான். கார் போய்விட்டது.

சுத்தியல் கையிலேயே நின்றது. தையல்காரர் நேரங்கெட்ட நேரத்தில் வாயைத் திறந்தார்.

"உங்களுக்குத் தெரியாதா அக்கா? கொஞ்ச நாளாவே மோட்டார் வேலைக்கு அவரு கார்லதான் போறாரே. தெருமுனையில ஏறுவாரு. இன்னைக்குத்தான் இங்கேயே ஏறுறாரு."

அவளுக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. எந்தக் கார் ஏறி மிதித்ததோ அதே காரில், எந்த ஆளை நினைத்து அவள் தன் தூக்கத்தையும் சோற்றையும் விட்டுக் கருவிக்கொண்டிருந்தாளோ அதே ஆளுக்குப் பக்கத்தில், கால் மேல் கால் போடாத குறையாக உட்கார்ந்து போகிறான். உள்ளே போய்க் கோணியை உருவி எறிந்தாள். சக்கரத்தைத் தூக்கிவந்து ஃபோர்க்குக்கு இடையே வைத்து, ஆக்ஸிலைச் செருகி முறுக்கினாள். எத்தனை நாளாக வராத சக்கரம், வெற்றிலை போட்டு முடிக்கும் நேரத்தில் மாட்டியாகிவிட்டது. கட்டையை உதைத்துத் தள்ளினாள். ஒரே உதையில் என்ஜின் பிடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சந்தோஷப்படக்கூட அவளுக்கு நேரமில்லை.

ஊரைத் தாண்டி, வீடுகள் முடிந்து வெறும் வேலிகள் தொடங்கும் இடத்தில் காரைப் பிடித்தாள். ஒதுங்கி முன்னால் போய்க் குறுக்கே நிறுத்தினாள். கார் நின்றது. என்ஜினை அணைக்காமலே காலை ஊன்றிக்கொண்டு, புருஷன் பக்கத்து ஜன்னலைப் பார்த்தாள்.

"இறங்குங்க."

"எதுக்கு?"

"வண்டி ரெடியாயிடுச்சு. வெக்கமா இல்ல உங்களுக்கு, இந்தக் கார்ல ஏற?"

அவன் மெதுவாக இறங்கினான். வண்டியைச் சுற்றி வந்து முன்சக்கரத்துக்கு எதிரே நின்றான். ஒரு ஸ்போக்ஸை விரலால் சுண்டிப் பார்த்தான்.

"நல்லாக் கோத்திருக்க. இது கோணிக்கு அடியில இருந்தது எனக்குத் தெரியும். ஒரு நாள் பட்டறைக்கு உனக்குச் சாப்பாடு கொண்டு வந்தேனே, அன்னைக்கே பார்த்துட்டேன்."

அவள் குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள்.

"பார்த்துட்டு ஏன் கேக்கல?"

"தினமும் கேட்டேனே. வந்துச்சா, வந்துச்சான்னு. நீயே சொல்லுவன்னு பார்த்தேன்." அவன் குரலை உயர்த்தவே இல்லை. "அவரு என்னை ஒரு தடவை இடிச்சாரு. நீ தினம் தினம் உக்கார வச்ச. இறங்கு."

அவள் இறங்கினாள். அவன் காரிலிருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, சீட்டில் பின்னால் தள்ளி உட்கார்ந்தான். காலுக்கு அப்படி ஒரு வழியை அவனே கண்டுபிடித்திருந்தான் போலிருக்கிறது. வண்டி ஒரு தடவை தடுமாறி நேராயிற்று. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் செய்த வேலையில் ஒரு பிசகும் இல்லை என்பது, அது போகிற போக்கிலேயே தெரிந்தது.

ரோட்டில் வேறு ஒரு வண்டியும் கிடையாது. அவளும், அவளுடைய பகையாளியும், அந்தக் காரும்தான் நின்றார்கள். கண்ணாடிக்காரர் முன்கதவைத் திறந்து, "ஏறுங்கம்மா, கடைக்குத்தானே போகணும்" என்றார். நடந்தே போய்விடலாமா என்று பார்த்தாள். வெயிலில் அந்த நீளத்தையும் பார்த்தாள். பிறகு ஏறி, கதவை அது கழன்று விழுகிற மாதிரி சாத்தினாள்.

சீட் கடைசிவரை பின்னால் தள்ளியிருந்தது. அவளுக்கு முன்னால் கால் நீட்ட நிறைய இடம் இருந்தது. கீழே, இடது காலை நீட்டி வைக்கும் இடத்தில் ஒரு சின்னத் தலையணை. புதிதாக உறை தைத்துப் போட்டது. குதிகால் பட்ட இடத்தில் குழிந்திருந்தது.

கார் கொஞ்ச தூரம் போனது.

"இந்தத் தலகாணி யாரு வச்சது?" என்றாள். இடித்த நாளுக்குப் பிறகு அந்த ஆளிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"நான்தாம்மா. ரொம்ப நேரம் மடக்கி வச்சா முழங்கால் வலி உயிர் போகுதுன்னாரு. வீட்டுல சொன்னீங்களான்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே தயங்கினார். "நீங்க கேக்கவே இல்லைன்னு சொன்னாரு."

அந்த ஆளின் மேல் இருந்த ஆத்திரம் அவளுக்குத் துளியும் குறையவில்லை. சொல்லப்போனால் இன்னும் கூடிற்று. காலை நொறுக்கியதும் அவர்தான், அந்தக் காலுக்கு வலிக்கிறதா என்று கேட்டதும் அவர்தான் என்றால், அவளுக்கென்று என்னதான் மிச்சம் வைத்தார்? வாய்விட்டுத் திட்ட வேண்டும் போலிருந்தது. தலையணையை மிதித்துவிடாமல் இரண்டு கால்களையும் ஒரு பக்கமாக ஒடுக்கிக்கொண்டு, பட்டறை வரும்வரை அப்படியே உட்கார்ந்து வந்தாள்.