ஐம்பத்து நாலு கிலோ

"பார்வை போன மனுஷன், எதையோ பார்த்துப் பயந்திருப்பான்" என்று இதைப் படித்ததும் யாராவது சொல்வீர்கள். அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன். நான் எதையும் பார்க்கவில்லை. எடைதான் போட்டேன். அந்த எண்களைக் குறித்த தாள் இதோ, இதை எழுதும் மேசையிலேயே இருக்கிறது.

கடைகளில் உள்ள தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பது என் வேலை. பத்தொன்பது வருடமாக அதைத்தான் செய்கிறேன். சென்ற வருடம் கண் டாக்டர், என் பக்கவாட்டுப் பார்வை சுருங்கிக்கொண்டே வருகிறது என்றார். போகப் போகக் குழாய் வழியாகப் பார்ப்பது போல ஆகிவிடுமாம். மருந்து கிடையாது.

"வண்டி ஓட்டுறது இன்னும் ஒரு வருஷம். மிஞ்சிப் போனா" என்றார்.

பள்ளிக்கூட நாளிலிருந்து எனக்கு ஒரே ஓர் ஆசை உண்டு. பந்தயத்துக்கென்று உரித்தெடுத்த கார். பின் சீட் கிடையாது, ஏசி கிடையாது, ரேடியோ கிடையாது, தரைவிரிப்புகூடக் கிடையாது. இன்ஜின், இரண்டு சீட், சுற்றிலும் இரும்புக் குழாய்க் கூண்டு. முடிந்தது. புதிதாக வாங்க வேண்டுமென்றால் பதினான்கு மாதம் காத்திருக்க வேண்டும். என் கையில் இருந்ததோ பன்னிரண்டு. பழையது ஒன்று உடனே கிடைப்பதாக இருந்தது. ஒரு பல் டாக்டருடையது.

"காசைக் கொட்டி, உட்கார சீட்டு கூட இல்லாத வண்டியா?" என்றாள் மனைவி. பிறகு, "சரி, பார்த்துட்டு வாங்க. முடியுற மட்டும் ஓட்டுங்க" என்றாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பக்கவாட்டில் நின்றிருந்தாள்.

அவள் தம்பி ஒரு மெக்கானிக். அவன் பட்டறைக்கே வண்டியை வரவழைத்தோம். இந்த மாதிரி வண்டியில் எடை குறைவுக்குத்தான் விலை. அதனால் நாலு சக்கரத்துக்கு அடியிலும் நாலு தட்டுத் தராசு வைத்து நிறுத்துப் பார்ப்பது வழக்கம். அந்தத் தராசுகளை அன்று காலையில் நானே சோதித்திருந்தேன். பல் டாக்டர் அனுப்பிய தாளில் ஒவ்வொரு சக்கரத்தின் எடையும், மொத்தம் 1,030 கிலோ என்றும் இருந்தது.

மாலை 5.10. தராசு காட்டியது 1,084.

"என்ன மாமா, உங்க தராசுக்கும் கண்ணு போச்சா?" என்றான் மச்சான்.

தராசுகளை இடம் மாற்றி வைத்தோம். 1,084. பெட்ரோல் அளவு பார்த்தோம். டிக்கி, சீட்டுக்கு அடி, கதவுக்குள் எல்லாம் தேடினோம். ஒரு ஸ்பேனர்கூட இல்லை. கூடுதலான 54 கிலோவில் பெரும்பகுதி இடது பக்கத்தில் இருந்தது.

5.32. முன் இடது எண் மெல்லக் குறைந்தது. பின் இடது எண் கூடியது. மொத்தம் மாறவில்லை. நாங்கள் இருவரும் இரண்டடி தள்ளி நின்றிருந்தோம்.

உள்ளே தகரம் 'டொக்'கென்று அழுந்தியது. பின்னால் சீட்டே இல்லாத இடத்தில்...

மச்சான் சிரிப்பை நிறுத்திவிட்டான். "வேணாம் மாமா. புதுசுக்கே ஆர்டர் எழுதிக் குடுத்துடுங்க."

பதினான்கு மாதம். நான் சாவியை எடுத்தேன்.

"நீயும் வர்றியா?"

"எனக்குப் புள்ளைங்க இருக்கு மாமா."

6.20க்குத் தனியாகக் கிளம்பினேன். இருட்டத் தொடங்கியிருந்தது. உரித்த வண்டியில் எந்தச் சத்தமும் மறையாது. ஒவ்வொரு கல்லும் தகரத்தில் தெறித்தது. ஸ்டியரிங் கைக்குள் உயிரோடு இருந்தது. பத்து நிமிடம் நான் சந்தோஷமாக இருந்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

6.31. இடது சீட்டில் பெல்ட் மாட்டும் சத்தம். 'க்ளிக்.'

அந்தப் பக்கம் எனக்குத் தெரியாது. பார்க்க வேண்டுமென்றால் தலையைத் திருப்ப வேண்டும்.

திருப்பவில்லை.

மூச்சு விடும் சத்தம் கேட்டது. நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்...

6.34. நாற்சந்தி. காலி என்று நினைத்து வேகத்தைக் குறைக்காமல் நுழைந்தேன்.

ஹேண்ட் பிரேக் லிவர் என் முழங்கையை உரசிக்கொண்டு தானாக மேலே எழும்பியது.

'க்ர்ர்ர்க்...'

வண்டி நின்றுவிட்டது.

முன்னால் ஒரு கை தூரத்தில் லாரி பறந்தது. இடப்பக்கமிருந்து. அதன் விளக்கு வெளிச்சம்கூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இடது கதவு திறந்தது.

மூடியது.

7.05க்குப் பட்டறைக்குத் திரும்பினேன். எரிந்த பெட்ரோலை ஈடுகட்டி ஊற்றிவிட்டு மறுபடி எடை போட்டோம். 1,030. கிராம் பிசகவில்லை.

நடந்ததைச் சொன்னேன். மச்சான் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனான். வெகுநேரம் வெளியே வரவில்லை.

"மாமா... இதுல ஹேண்ட் பிரேக் கேபிளே இல்ல. வெயிட்டு குறைக்கக் கழட்டிட்டாங்க போல. லிவர் சும்மா நிக்குது, இழுத்தாலும் சக்கரத்தைப் பிடிக்காது."

வண்டியைத் திருப்பி அனுப்பினேன். புதியதற்கும் எழுதிக் கொடுக்கவில்லை. லாரி வருவதே தெரியாதவனுக்குப் புதிது என்ன, பழையது என்ன? டாக்டர் கொடுத்த ஒரு வருடம் அவர் சொன்ன அன்றைக்கே என்னிடம் இருந்திருக்கவில்லை. மறுநாள் லைசென்ஸைக் கொண்டுபோய் ஒப்படைத்தேன். இப்போது பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறேன். பஸ் நிற்பது அந்த நாற்சந்தியில்.

பல் டாக்டருக்கு முறைப்படி ஒரு கடிதம் எழுதினேன். தேதி, நேரம், நாலு சக்கரத்தின் எடை, நாற்சந்தி, லிவர், கேபிள், எல்லாம். என் உயிரைக் காப்பாற்றியது எதுவோ அதற்கு நன்றி என்றும் கடைசியில் சேர்த்திருந்தேன்.

பதினாறு நாள் கழித்துப் பதில் வந்தது. மொத்தமே மூன்று வரி.

"நன்றி எல்லாம் சொல்லாதீர்கள். கேபிளை நான் கழற்றியது எடை குறைப்பதற்காக அல்ல. அதற்கு முன்பு அந்த லிவர் தானாக எழும்பிய அன்று வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த என் மனைவி உயிரோடு திரும்பவில்லை."