நோக்கம்: மற்றவை

கொல்லிமலைக்குச் சுற்றுலா வருகிறவர்களுக்கென்று தனியாக ஒரு பஸ் தடம் அமைக்கத் திட்டம் தயாரானபோது, அதற்குக் கணக்கெடுக்கப் போனவர்களில் நானும் ஒருத்தி. கீழே கரூர்ப் பக்கத்திலிருந்து வந்து, மலைமேல் செம்மேட்டில் ஒரு அறை எடுத்துத் தங்கினேன். தினமும் பஸ்ஸில் ஏறி, பயணிகளிடம் கேள்வி கேட்டு, படிவத்தில் குறிப்பது வேலை. எங்கே ஏறினீர்கள், எங்கே இறங்குவீர்கள், எதற்காகப் போகிறீர்கள். கடைசிக் கேள்விக்கான விடைகளை முன்கூட்டியே அச்சடித்திருந்தார்கள்: வேலை, படிப்பு, மருத்துவம், சந்தை, சுற்றுலா, மற்றவை. நான் ஒன்றில் டிக் அடித்தால் போதும்.

எனக்குக் கொடுத்த பஸ் குண்டனி நாடு என்கிற பகுதியின் மலைக்கிராமங்களிலிருந்து காலையில் புறப்பட்டு, செம்மேடு வழியாக வாசலூர்பட்டி ஏரியின் போட் ஹவுஸ் வரை போகும். அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வந்த வழியே திரும்பும். மரவள்ளிக்கிழங்கு மூட்டை, பலாப்பழம், பள்ளிக்கூடப் பை, ஆஸ்பத்திரிக்குப் போகிற கைக்குழந்தை என்று நிறைந்துதான் வரும்.

முதல் வாரத்திலேயே அந்தத் தம்பதியைக் கவனித்துவிட்டேன். இருவருக்கும் நாற்பதைத் தாண்டிய வயது. அந்த அம்மா ஏரிக்கரையில் ஒரு கடையில் மீன் வறுக்கிற வேலைக்குப் போகிறவர். கணவர் விவசாயம். கொஞ்சம் மிளகு, கொஞ்சம் மரவள்ளி. ஏறியதும் அவர் மனைவிக்கு ஜன்னலோரம் விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருவார். இரண்டு பேரும் பேச ஆரம்பிப்பார்கள். தணிந்த குரலில், நிறுத்தாமல், போட் ஹவுஸ் வரும்வரை பேசுவார்கள். அங்கே அந்த அம்மா இறங்கிக் கடைக்குப் போவார். கணவர் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு, அதே பஸ்ஸில் ஊருக்குத் திரும்புவார்.

அந்த அம்மாவுக்கு 'வேலை' என்று டிக் அடித்தேன். கணவரிடம் எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"சும்மாதாங்க," என்றார்.

'மற்றவை' என்று குறித்துக்கொண்டேன். மறுநாளும் சும்மாதான். அதற்கு மறுநாளும். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. கண்டக்டரிடம் கேட்டதற்கு, "அவரு தெனமும் வருவாருங்க. ஊட்டுக்காரம்மாவைக் கொண்டாந்து விட்டுட்டுப் போவாரு," என்றார். துணைக்கா என்றேன். "இந்த ரோட்டுல துணை எதுக்குங்க," என்று சிரித்தார்.

ஒருநாள் திரும்புகிற பஸ்ஸில் கூட்டமில்லை. அந்தக் கணவருக்கு முன் சீட்டில் உட்கார்ந்து திரும்பிக் கேட்டேன்.

"உங்ககிட்ட வண்டி இல்லீங்களா?"

"இருக்குதுங்க. பைக் இருக்குது."

"அதுல கொண்டுவந்து விட்டா சீக்கிரம் போயிடலாமே."

"போயிரலாமுங்க. ஆனா பேச முடியாதுங்களே. நான் ஒண்ணு சொன்னா காத்துல அவளுக்கு வேற ஒண்ணு கேக்குது. அவ சொல்றது எனக்குக் கேக்கவே மாட்டேங்குது."

வீட்டில் பேசக்கூடாதா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவரே சொன்னார்.

"ஊட்டுல அம்மா, தம்பி குடும்பம், புள்ளைங்க எல்லாம் இருக்கறாங்க. அவ அடுப்புகிட்ட நிப்பா, நான் காட்டுல நிப்பேன். ஒரு பேச்சு எடுத்தா நாலு பேரு கூப்புடுவாங்க. இதுல ஏறி உக்காந்துட்டா எறங்கற வரைக்கும் யாரும் கூப்புட மாட்டாங்கல்லங்க."

"அப்படி என்ன பேசுவீங்க?"

அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"பெருசா ஒண்ணுமில்லீங்க. மொளகுக் கொடி ஒண்ணு வாடுதுன்னு சொல்லுவேன். போட்டுல ஏறப் பயந்துக்கிட்டு ஒரு ஆளு கரையிலயே உக்காந்துட்டாருன்னு அவ சொல்லுவா. அவ்வளவுதாங்க."

நான் படிவத்தைப் பார்த்தேன். 'மற்றவை'க்குப் பக்கத்தில் விளக்கம் எழுதக் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள். 'மனைவியுடன் பேச' என்று எழுதினேன். எழுதிய பிறகு அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

இதற்கிடையில் எங்கள் திட்டத்தின் முதல் வரைவு உருவாகிக்கொண்டிருந்தது. விடுமுறை நாட்களில் கார்கள் மலைச்சாலையை அடைத்துவிடுகின்றன. அதனால் செம்மேட்டிலிருந்து அருவி, கோயில், ஏரி எல்லாவற்றையும் சுற்றிவர அடிக்கடி பஸ் விடலாம். அதற்கு வேண்டிய பஸ்களைக் கிராமத் தடங்களிலிருந்து எடுக்கலாம். கிராம பஸ்கள் செம்மேட்டோடு நின்றுவிடும். ஏரிக்குப் போகிறவர்கள் அங்கே இறங்கி, சுற்றுப் பஸ்ஸில் மாறி ஏற வேண்டும். வரைபடத்தில் அந்தக் கோடுகளை வரைந்தவள் நான்தான். நல்ல திட்டம் என்றே நம்பினேன். காத்திருக்கும் நேரம்கூட மிகக் குறைவு.

பஸ்ஸில் அந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். நல்ல செய்தி சொல்வதாகத்தான் நினைப்பு.

அவர் மடியிலிருந்த பையை இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார், "மாறி ஏறுனா சீட்டு கெடைக்குமுங்களா?"

"பஸ் அடிக்கடி வரும்மா."

"வரும் கண்ணு. சீட்டு கெடைக்குமா? நாங்க ஊர்ல ஏறும்போது பஸ்ஸு காலியா இருக்கும், உக்காந்து வாரோம். செம்மேட்டுல ஏறுனா டூருக்கு வந்தவங்க உக்காந்திருப்பாங்க. நான் கடையில நாள் பூரா நிக்கறேன். காலையில இந்த ஒரு தடவைதான் உக்காருவேன்."

அவர் கணவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா அவரைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார், "நின்னுட்டு வந்தா இவருகிட்ட என்னத்தப் பேசறது."

அன்றைக்கு பஸ்ஸிலிருந்த மற்றப் பெண்களிடமும் மாறி ஏறுவதைப் பற்றிக் கேட்டேன். கிழங்கு மூட்டையோடு எப்படி இறங்கி ஏறுவது என்றார் ஒருவர். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பேன், நடுவில் எழுப்புவதா என்றார் இன்னொருவர். எங்கள் படிவத்தில் உட்கார இடம் கிடைத்ததா என்ற கேள்வியே இல்லை. எவ்வளவு நேரம் என்று கேட்டிருந்தோம், எவ்வளவு தூரம் என்று கேட்டிருந்தோம். அது எப்படி விட்டுப்போனது என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

எங்கள் அதிகாரி நெல்லைப் பக்கத்துக்காரர். ஓய்வு பெறுகிற வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். கோபமே வராத மனிதர், ஆனால் சுலபத்தில் ஒத்துக்கொள்ளவும் மாட்டார். என் படிவங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"மனைவியுடன் பேச. இது என்னம்மா?"

சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு பேர் பேசுறதுக்காக ரூட் போட முடியாதுல்லா."

"அவங்களுக்காக இல்ல சார். மாறி ஏறுறவங்களுக்கு உட்கார இடம் இருக்காது. அதை நாம பார்க்கவே இல்ல."

"எப்படிச் சொல்லுதே?"

"நீங்க ஒரு ஞாயித்துக்கிழமை வந்து மாறி ஏறிப் பாருங்க சார்."

சொல்லிவிட்டுப் பயந்தேன். அவர் நாட்காட்டியைப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை சர்ச்சு இருக்கு. சரி, ஒரு வாரம் ஆண்டவர் மன்னிப்பாரு," என்றார்.

சொன்னபடியே வந்தார். கிராமத்து பஸ்ஸில் என்னோடு உட்கார்ந்து வந்து, செம்மேட்டில் இறங்கினார். ஏரிக்குப் போகிற அடுத்த பஸ்ஸுக்காக நின்றோம். கீழேயிருந்து வந்த அந்த பஸ்ஸில் ஏற்கெனவே நிற்க இடமில்லை. தொப்பி போட்ட இளைஞர்கள், அருவியில் குளிக்க வாளியோடு வந்த ஒரு குடும்பம், வளைவுகளில் சுற்றி வந்ததில் வாந்தியெடுத்துச் சோர்ந்திருந்த குழந்தைகள். எங்களோடு ஏறிய ஒரு பெண் மூட்டையை வைக்க இடமில்லாமல் இடுப்பிலேயே வைத்திருந்தார். அதிகாரி அதை வாங்கித் தன் காலடியில் வைத்தார். அதனால் அவர் ஒற்றைக் காலில்தான் நிற்க முடிந்தது. அவருக்கு முழங்கால் வலி உண்டு என்பது எனக்குத் தெரியும்.

இறங்கி, ஏரிக்கரைக் கல்லில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டார்.

"அந்த வீட்டுக்காரரும் வீட்டுக்காரம்மாவும் இன்னைக்கு வரலியா?"

"வந்தாங்க சார். நாம எறங்கின அதே பஸ்ல நேரா வந்துட்டாங்க. நமக்கு முன்னாடியே."

அவர் சிரித்தார். கடைப்பக்கம் பார்த்து, "மீனு நல்லா இருக்குமா?" என்று கேட்டார்.

கிராம பஸ்களைச் செம்மேட்டில் நிறுத்த வேண்டாம் என்று மேலே எழுதினோம். கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. காலைப் பஸ்கள் பழையபடி ஏரிவரை நேராகப் போகலாம் என்று முடிவானது. மதியமும் மாலையும் கிராம பஸ்கள் செம்மேட்டோடு நின்றன. அதிகாரி மாலைக்கும் சேர்த்து இரண்டு முறை எழுதினார். பஸ் போதாது என்று பதில் வந்தது. கோப்பை மூடும்போது, "பாதியாவது கெடச்சுதே," என்றார். எனக்கு அந்த மாலை பஸ்ஸை நினைத்து வருத்தம்தான்.

புதிய தடம் ஓடத் தொடங்கிச் சில மாதம் கழித்து, எப்படிப் போகிறது என்று பார்த்து எழுத என்னை மறுபடி அனுப்பினார்கள். காலைப் பஸ்ஸில் ஏறியபோது அந்த அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்து இடம் காலி.

"அவர் எங்கம்மா?"

"மொளகு பறிக்கறாங்கல்ல கண்ணு. ஏணியில ஏற ஆளு பத்தலைன்னு இருந்துட்டாரு. நாளைக்கு வருவாரு. இங்க உக்காருங்க."

உட்கார்ந்தேன். மாலையில் செம்மேட்டில் மாறி ஏற வேண்டியிருப்பதைப் பற்றிக் கேட்டேன். இப்போது கணவரே பைக்கில் செம்மேட்டுக்கு வந்து கூட்டிப்போகிறாராம். "காத்துல ஒண்ணும் கேக்கறதில்ல. சும்மா முதுகுல சாஞ்சுக்கிட்டுப் போயிருவேன்," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உங்க ஊட்டுக்காரரு எங்கீங்க இருக்காரு?" என்று கேட்டார்.

கல்யாணமாகி இரண்டு வருடம், அவருக்கு ஓசூரில் வேலை என்றேன். மாதத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறோம் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த அம்மா என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, "அப்பறம்?" என்றார். என் கணவர் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டது, போனில் பேசினால் இரண்டு நிமிடத்தில் எனக்குப் பேச்சு தீர்ந்துபோவது, இடமாற்றம் கேட்டு நான் எழுதிய கடிதத்தைப் பற்றி அவரிடம் இன்னும் சொல்லாமல் வைத்திருப்பது என்று என்னென்னவோ சொன்னேன். செம்மேடு எப்போது வந்துபோனது என்று தெரியவில்லை. அன்றைக்கு ஒரு படிவம்கூட நிரப்பவில்லை.

போட் ஹவுஸ் வந்துவிட்டது. நான் பாதியில் நிறுத்தினேன்.

"அந்தக் கடுதாசியப் பத்தி சொல்லிட்டிருந்தீங்க," என்றார் இறங்கிக்கொண்டே. "கடைக்கு வாங்க. வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொல்லுங்க."

நான் போக வேண்டிய பஸ் திரும்பிக் கிளம்பத் தயாராக நின்றது. கண்டக்டர் என்னைப் பார்த்து விசில் கொடுக்கவா என்பதுபோல் கையைக் காட்டினார். போகச் சொல்லிவிட்டு, கடைக்குள் போய் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.