இரண்டு விரல் முட்டிகள்

கசாப்புக் கூடத்தில் பெரியவனுக்கு வாயைவிடக் கை முந்தும். சொந்தத் தம்பியின் முன்பற்களை உடைத்ததும் அந்தக் கைதான். அப்பா ஈரல் கெட்டுச் செத்த அன்று, "டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாம கீழ போட்டாரே, ஒளிஞ்சு குடிச்சிருக்காரு" என்று பெரியவன் சொல்லிவிட்டான். அவர் சொட்டுகூடத் தொட்டதில்லை என்று தம்பி சட்டையைப் பிடிக்க, பல் தெறித்தது. அதோடு பேச்சுவார்த்தை அறுந்தது. ஒரே கூடத்தில் ஆளுக்கொரு கோடியில் நின்று ஆட்டை உரித்தார்கள்.

நாற்பது தாண்டியதும் பெரியவனை அசதி பிடித்துக்கொண்டது. கத்தியைப் பிடித்தால் விரல் முட்டிகள் விண்விண்ணென்று தெறித்தன. அசதி என்றால் கூடத்தில் ஒரே வைத்தியம்தான், சுடச்சுட ஈரல். தின்றான். மனைவி வாங்கிவந்த இரும்புச்சத்து டானிக்கையும் குடித்தான். உடம்பு தேறுவதாவது! தோல் கறுத்தது, சர்க்கரையும் சேர்ந்தது. ஆத்திரத்தில் சட்டிபானையை உடைத்தான். மனைவி தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

ரத்தத்தைச் சோதித்த டாக்டரம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. சாப்பாட்டிலுள்ள இரும்பை அளவில்லாமல் உறிஞ்சி ஈரலிலும் மூட்டிலும் சேர்த்துவைக்கிற உடம்பு, பரம்பரைக் கோளாறு என்றார். மரபணுச் சோதனையும் அதையே சொன்னது. இரும்பு குறையும்வரை வாராவாரம் ஒரு பை ரத்தம் எடுக்கவேண்டும். ஈரலுக்கும் டானிக்குக்கும் சாராயத்துக்கும் முழுக்கு. அப்பா எப்படிச் செத்தார் என்றும் கேட்டார். குடித்து ஈரல் கெட்டுப்போய் என்றான் பெரியவன்.

"குடிக்காதவங்களுக்கும் இதுல ஈரல் கெட்டுப்போகும். கூடப்பிறந்தவங்களை உடனே கூட்டிட்டு வாங்க. முத்திப்போச்சுன்னா காப்பாத்த முடியாது."

பெரியவனுக்குச் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது. நேரே தம்பியின் கோடிக்குப் போனான். தம்பி வறுத்த ஈரலை மென்றுகொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, வேலையைப் பார்த்துக்கொண்டு போகச் சொன்னான்.

"அப்பா குடிக்கலடா. நான்தான் அபாண்டமா சொல்லிட்டேன்."

அந்தச் சொல்தான் தம்பிக்கு வெறியேற்றியது. முதல் குத்தில் பெரியவனின் மூக்கு உடைந்தது. அடுத்த குத்தில் உதடு கிழிந்து, ஆட்டு ரத்தம் ஓடும் சாக்கடையில் மல்லாந்து விழுந்தான். வழக்கம்போல் கை எழும்பியது. அதை இன்னொரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். தம்பி அவன்மேல் ஏறி உட்கார்ந்து மறுபடி குத்தினான். குத்தியவனே அலறிக்கொண்டு சுருண்டான்.

பெரியவன் அவன் கையை இழுத்துப் பார்த்தான். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் முட்டிகள் புடைத்து இறுகிக் கிடந்தன. இன்றைய அடியில் வந்த வீக்கமில்லை அது. தன் கையைப் பக்கத்தில் வைத்தான். அதே இரண்டு முட்டிகள், அதே புடைப்பு.

"இன்னும் நாலு குத்து வேணும்னாலும் குத்து. குத்திட்டு என்கூட வா."

தம்பி மறுபடி ஓங்கினான். விரல்கள் மடங்கவில்லை. திறந்த கையைக் கீழே இறக்கினான்.

"இப்பல்லாம் நானும் டம்ளரைக் கீழ போடுறேண்ணே" என்றான்.