குசினியில் அடித்த மணி

கமலாதேவிக்குப் பயம் கூடப் பிறந்தது. சாம்பல்தீவில் பிறந்தும் கடலில் கால் நனைக்காமல் வளர்ந்த ஒரே பிறவி அவள்தான் என்று உறவுக்காரர் கேலி செய்வார்கள். பல்லிக்குப் பயம், பட்டாசுக்குப் பயம். செருப்புப் போடாமல் சுவிட்சைத் தொடமாட்டாள். அப்படிப்பட்டவள் திருகோணமலை ரவுனில், வீட்டு முன்னறையில் கொம்பியூட்டர் வகுப்பு நடத்தினாள் என்றால் அதற்கு வயிற்றுப்பாடுதான் காரணம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய கணவர் ஆனந்தராசாவின் வலப்பக்கத்தையும் பேச்சையும் பாரிசவாதம் ஒரே நாளில் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது இடக்கை மட்டும்.

ஒருநாள் வகுப்பு முடித்து உள்ளே போனவள், அவர் கட்டிலிலிருந்து விழுந்து நிலத்தில் கிடப்பதைக் கண்டாள். விழுந்து எவ்வளவு நேரமோ தெரியாது. கூப்பிட அவருக்குக் குரல் இல்லை. அன்றைக்கு அவளுக்கு வந்த பயம் மற்றப் பயங்களையெல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டது.

லினக்ஸ் போட்ட கொம்பியூட்டருக்கு ரிவி ரிமோட்டைப் பழக்கலாம் என்று அவள் அறிந்திருந்தாள். ரேடியோ திருத்தும் சரீப் நானாவிடம் போய், பழுதான ரிவி ஒன்றிலிருந்து ரிமோட்டின் ஒளியை வாங்குகிற சின்ன மூன்றுகால் துண்டைக் கழற்றித் தரும்படி கேட்டாள். சரீப் தயங்கினார். தெருவோரக் குண்டுகளைத் தூர நின்று பொத்தானை அமத்தி வெடிக்கவைத்த காலம் அது. ரிமோட்டும் வயருமாகப் பிடிபட்டால் என்ன சொன்னாலும் எடுபடாது.

“தங்கச்சி, இதைக் கொண்டுபோய் ஏன் வம்பை விலைக்கு வாங்குறீங்க?” என்றபடியே கழற்றிக் கொடுத்தார்.

அவள் அதைச் சோற்றுப் பார்சலுக்குள் புதைத்து, ஆட்களைச் சோதிக்கும் ஆமிச் சென்றிகளைத் தாண்டினாள். வீட்டுக்கு வந்ததும் வகுப்புக் கொம்பியூட்டர் ஒன்றை அவர் கட்டிலுக்கு எதிரே கொண்டுவந்து வைத்தாள். அந்தத் துண்டில் வயரை ஈயத்தால் பற்றவைத்து, அதன் முதுகில் இருந்த சீரியல் போர்ட்டில் மாட்டினாள். ரிமோட்டில் ஒவ்வொரு பொத்தானாக அமத்தி, இது இன்னது என்று கொம்பியூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தாள். சிவப்பை அமத்தினால் மணி. ஸ்பீக்கரை நீள வயரில் இழுத்துக் குசினி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்; ரிமோட்டை ஆனந்தராசாவின் இடக்கையில் கொடுத்தாள்.

மணி முதல்முறை அடித்தபோது கறியை அடுப்பில் விட்டுவிட்டு ஓடினாள். ஒன்றும் இல்லை, மனிதர் சும்மா கூப்பிட்டிருக்கிறார். அதன்பிறகு சும்மா சும்மா கூப்பிட்டார். கறி கருகிய நாட்களிலும் அவள் ஒரு சொல் ஏசவில்லை.

ஒரு குறை இருந்தது. கொம்பியூட்டர் புதிதாக இயங்கும்போதெல்லாம் லினக்ஸ் அந்தப் போர்ட்டைத் தன் சொத்துப்போலப் பிடித்துக்கொள்ளும். இரண்டு வரி தட்டி அதை விடுவித்தால்தான் ரிமோட் வேலை செய்யும். அதைத் தானாக நடக்கும்படி எழுதிவைத்திருக்கலாம். நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டுவிட்டாள். நாமெல்லாரும் செய்கிற காரியம்தான்.

வீடுவீடாகத் தேடும் ஆமியின் சுற்றிவளைப்பு வந்த காலையில் கரண்ட் போய், அப்போதுதான் திரும்பியிருந்தது. அறைக்குள் வந்த அதிகாரி, கொம்பியூட்டர் பெட்டியில் தொங்கிய வயரையும் ஆனந்தராசாவின் கையிலிருந்த ரிமோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். கமலாதேவி விளக்கம் சொன்னாள். அவர் நம்பவில்லை.

“அமத்து,” என்றார்.

ஆனந்தராசா அமத்தினார். சத்தமே இல்லை. திரும்ப அமத்தினார். அதிகாரியின் முகம் இறுகியது. இங்கே ஒன்றும் நடக்கவில்லை என்றால் இந்தப் பொத்தான் வேறெங்கே என்ன செய்யும் என்று அந்த முகம் கேட்டது. தன்னைப் பிடித்துக்கொண்டு போனால் இவரை யார் புரட்டிப் படுக்கவைப்பது என்றுதான் கமலாதேவி முதலில் நினைத்தாள். பிறகுதான் கரண்ட் போனதும், தட்டாமல் விட்ட இரண்டு வரியும் ஞாபகம் வந்தன. கும்பிட்டுக் கேட்டு, கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தாள். பிடரிக்குப் பின்னால் துவக்குக் குழல். முதல் வரியைப் பிழையாகத் தட்டி, அழித்து, மறுபடி தட்டினாள்.

அவளைக் காப்பாற்ற வேண்டும் என்று கட்டிலில் கிடந்த மனிதர் பொத்தானை விடாமல் அமத்திக்கொண்டே இருந்திருக்கிறார். இரண்டாவது வரி முடிந்ததும் குசினியில் மணி அலறியது. அங்கே தேடிக்கொண்டிருந்த சிப்பாய் பானையைத் தட்டிவிட்டு ஓடிவந்து, துவக்கை ஆனந்தராசாவின் நெஞ்சில் வைத்தான்.

பல்லிக்குப் பயந்தவள் துவக்குக்கும் கணவருக்கும் நடுவில் விழுந்தாள்.

“அது என்னைக் கூப்பிடுற மணி, சேர். அவருக்குக் கதைக்க ஏலாது.”

மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அதிகாரி கையை உயர்த்தினார். சிங்களத்தில் ஏதோ சொன்னார். சிப்பாய் துவக்கைத் தாழ்த்தினான். போகும்போது குசினியில் உருண்டு கிடந்த பானையை அவனே நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனான்.

அன்றே அந்த இரண்டு வரியையும் தானாக ஓடும்படி எழுதிவைத்தாள். பிறகு எத்தனை தரம் கரண்ட் போய் வந்தாலும் மணி ஆயத்தமாகவே இருந்தது. ஆனால் அது அடிக்கவில்லை. ரிமோட்டைக் கையில் வைத்தால் ஆனந்தராசா விரலை மடக்கிக்கொள்வார். “ஒண்டும் நடக்காது, அமத்துங்கோ,” என்று அவள் கெஞ்சினால் வாசலைப் பார்ப்பார். தாகத்தில் உதடு காய்ந்து கிடந்த நாளிலும் அவர் அமத்தவில்லை.

கமலாதேவி குசினியில் வெங்காயம் அரிந்தபடி, அந்த ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு அடுப்பைத் தணித்துவிட்டு, அவருக்கு என்ன வேண்டுமோ என்று பார்க்க எழுந்துபோவாள்.